கரையேறும் படகிலிருந்து தண்ணீரை வடிப்பது: குளிர்காலப் பராமரிப்புக் குறிப்பு

உறைகுளிரில் உள்ளே தேங்கிய நீர் உறைந்து எதையும் உடைக்காமல் இருக்க, குளிர்காலத்துக்குக் கரையேற்றிய படகில் செய்யும் வேலைகள் இவை. படகு 10 மீட்டர் நீள ஃபைபர்கிளாஸ் பாய்மரப் படகு. உள்ளே டீசல் எஞ்சின், நேர் ஷாஃப்ட் (புரொப்பெல்லரைச் சுழற்றும் தண்டு), 30 லிட்டர் வாட்டர் ஹீட்டர். ஆட்கள் அதிலேயே குடியிருப்பதால், பூட்டிவிட்டுப் போகிறவர்களுக்கான வழக்கமான பட்டியல் இதற்கு அப்படியே ஒத்துவராது. எதை எப்போது செய்வது என்ற வரிசைதான் இங்கே பாதி வேலை. மிதக்கும்போது மட்டும் செய்யக்கூடியவை முதலில், தரையில் நின்றால்தான் முடிகிறவை அடுத்து, குடிநீர்க் குழாய்கள் கடைசியில்.

மிதக்கும்போதே முடித்தவை

முதலில் எஞ்சின் ஆயில். இதைக் குளிர் முடிந்த பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளிப்போடுகிறவர்கள் நிறைய. பழைய ஆயிலில் எரிபொருள் எரிந்து உண்டான அமிலமும் ஈரமும் கலந்திருக்கும். அதை உள்ளே விட்டால் பேரிங்குகள் மாதக்கணக்கில் அதிலேயே ஊறும். பதினைந்து நிமிடம் ஓட்டிச் சூடாக்கினால் ஆயில் இளகும். டிப்ஸ்டிக் குழாய் வழியே கைப்பம்பால் உறிஞ்சி எடுத்து, ஃபில்டரை மாற்றி, புது ஆயில் ஊற்றி மறுபடி ஐந்து நிமிடம் ஓட்ட வேண்டும். இதற்கு எஞ்சினைக் குளிர்விக்கத் தண்ணீர் ஓட வேண்டும் என்பதால்தான் மிதக்கும்போதே செய்வது. கியர்பாக்ஸ் ஆயிலையும் கூடவே பார்த்தாகிவிட்டது. அது பால்போல் வெளுத்திருந்தால் உள்ளே தண்ணீர் புகுந்திருக்கிறது. ஆயிலை மட்டும் மாற்றிப் பயனில்லை, சீல் அல்லது ஆயில் கூலரைத் தேட வேண்டும்.

டீசல் டாங்க் 95 சதவீதம் நிரப்பப்பட்டது. காலி இடம் குறைந்தால் உள்ளே காற்றின் ஈரம் நீராகப் படிவதும் குறையும். அடியில் தங்கும் நீரும் டீசலும் சேரும் இடத்தில்தான் நுண்ணுயிர்க் கசடு வளர்கிறது. கசடு தடுக்கும் மருந்தை முதலில் ஊற்றி, அதன்மேல் டீசல் நிரப்பினால் நன்றாகக் கலக்கும். கழிவுத் தொட்டியைக் காலிசெய்து இரண்டு முறை நல்ல தண்ணீர் விட்டு அலசியதும் இதே கட்டத்தில்.

தூக்கும்போது

தூக்கும் பட்டைகள் ஷாஃப்ட் மேலும், வேகமானியின் சக்கரம் மேலும் விழக்கூடாது. பட்டை வரவேண்டிய இடங்களுக்கு நேராகப் பக்கவாட்டில் டேப் ஒட்டி வைத்தால் கிரேன் ஓட்டுபவர் ஊகிக்க வேண்டியதில்லை. வேகமானியை உள்ளே இழுத்து அடைப்பானைப் போட்டுவிடுவது நல்லது. தரையில் படகின் எடை முழுவதும் கீலின் (படகின் அடியில் நீளவாக்கில் நீட்டிநிற்கும் பகுதி) அடியில் உள்ள மரக்கட்டைகளில் இறங்க வேண்டும். பக்கத் தாங்கிகள் சாயாமல் பிடிக்க மட்டும். தாங்கியின் தலை உள்தடுப்புச் சுவருக்கு நேரே வராவிட்டால் ஹல் (படகின் வெளியுடல்) உள்வாங்கும். எதிரெதிர்த் தாங்கிகளைச் சங்கிலியால் இணைத்து, மண் தரையானால் காலுக்கடியில் பிளைவுட் போட வேண்டும். தார்பாயின் கயிற்றைத் தாங்கியில் கட்டவே கூடாது. காற்றில் தார்பாய் இழுக்கும்போது தாங்கி நகரும், படகு விழும்.

அணியம் (படகின் முன்பகுதி) கொஞ்சம் உயர்ந்து நிற்கும்படி கட்டை வைக்கச் சொன்னால், பின்தளத்தில் விழும் மழைநீர் தானாக வடியும்.

ஹல்லைப் பட்டையில் தொங்கும்போதே அழுத்த நீரால் கழுவிவிட வேண்டும். கொட்டலசு (ஹல்லில் ஒட்டி வளரும் ஓட்டுயிரி) ஈரமாக இருக்கும்வரை சுரண்டினால் வரும், காய்ந்துவிட்டால் உளிதான்.

தண்ணீர் ஒளிந்திருக்கும் இடங்கள்

உறையும்போது தண்ணீர் சுமார் 9 சதவீதம் விரிகிறது. அடைபட்ட இடத்தில் அது வெண்கலத்தையும் பிளக்கும். குழாயைக் காட்டிலும் பம்பின் தலை, ஃபில்டர் கிண்ணம், வால்வின் வயிறு ஆகியவைதான் முதலில் உடைபவை.

எஞ்சினின் கடல்நீர்ப் பாதைக்கு ஸ்ட்ரெய்னரின் (கடல்நீரை வடிகட்டும் கிண்ணம்) மூடியைத் திறந்து, சீகாக்கை (ஹல்லின் துளையில் உள்ள வால்வு) மூடி, எஞ்சினை ஓட்டியபடி முதலில் ஒரு வாளி நல்ல தண்ணீர், பிறகு புரோப்பிலீன் கிளைக்கால் ஆன்டிஃப்ரீஸ் (உறையாமல் காக்கும் நிறமுள்ள திரவம்). ஒருவர் ஊற்ற, ஒருவர் எக்ஸாஸ்டைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். வெளியே வருவதின் நிறம் ஊற்றியதின் நிறத்தோடு ஒத்துப்போகும்வரை நிறுத்தக்கூடாது. மஃப்ளரில் தேங்கியிருந்த நீர் முழுவதும் கலந்து போக 8 முதல் 10 லிட்டர் பிடிக்கும். இது ஹீட் எக்ஸ்சேஞ்சர் (எஞ்சினுக்குள் சுற்றும் குளிர்விப்பு நீரைக் கடல்நீரால் ஆற்றும் பகுதி) உள்ள எஞ்சினுக்கு. கடல்நீரே எஞ்சின் பிளாக் வழியாக ஓடும் பழைய வகையில் தெர்மோஸ்டாட் திறக்காதவரை ஆன்டிஃப்ரீஸ் பிளாக்குக்குள் போகாது. நிறம் வெளியே வந்தாலும் ஏமாற்று. அதில் எஞ்சினை முதலில் சூடாக்க வேண்டும், அல்லது பிளாக்கின் வடிகால் திருகைத் திறக்க வேண்டும்.

ஆன்டிஃப்ரீஸ் டப்பாவில் போட்டிருக்கும் −45 டிகிரி போன்ற எண்ணை நம்பிவிடக் கூடாது. அது நீர் கலக்காத நிலையில் குழாய் வெடிக்காது என்பதற்கான எல்லை. அதற்கு வெகு முன்பே கூழாகிவிடும். மிச்சத் தண்ணீரோடு கலந்தால் எல்லை இன்னும் மேலே ஏறும். எத்திலீன் கிளைக்கால் நஞ்சு என்பதால் குடிநீர்க் குழாய்க்கும் வெளியே கொட்டும் பாதைக்கும் ஆகாது.

இதெல்லாம் முடிந்த பிறகே இம்பெல்லரை (கடல்நீர்ப் பம்பின் ரப்பர் இறக்கைச் சக்கரம்) கழற்ற வேண்டும். பம்பிலேயே விட்டால் அதன் இறக்கைகள் ஒரே பக்கம் மடிந்தபடி இறுகிவிடும். கழற்றியதும் எஞ்சின் சாவியில் ‘இம்பெல்லர் இல்லை’ என்று எழுதிக் கட்டியாகிவிட்டது.

சீகாக்: பந்து வகை வால்வை மூடினால் பந்தின் துளைக்குள் ஒரு மடக்கு நீர் சிறைப்படும். தரையில் நிற்கும்போது எல்லாவற்றையும் திறந்தே வைப்பது நல்லது. ஸ்ட்ரெய்னரின் கீழிருந்து வால்வுவரை செல்லும் ஹோஸில் தொங்கல் இருந்தால் அங்கும் தேங்கும். கிளிப்பைத் தளர்த்தி வடிக்க வேண்டும்.

வாட்டர் ஹீட்டருக்கு ஆன்டிஃப்ரீஸ் நிரப்புவது வீண் செலவு. மின்சார பிரேக்கரை அணைத்து டேப் ஒட்டி (காலித் தொட்டியில் சூடேறினால் எலிமென்ட் எரியும்), அழுத்த வால்வையும் அடிக்குழாயையும் திறந்து 30 லிட்டரையும் வடித்து, குளிர்நீர், சுடுநீர் ஹோஸ்களை ஒரு துண்டுக் குழாயால் நேராக இணைத்தாயிற்று. பிறகு பம்பின் உறிஞ்சு முனையை ஆன்டிஃப்ரீஸ் கேனில் விட்டு ஒவ்வொரு குழாயிலும் நிறம் வரும்வரை ஓட்ட 7 லிட்டர் போதும். பின்தள ஷவரைத்தான் எல்லோரும் மறப்பது, உடைவதும் அதுதான். காற்றடித்து வெளியேற்றலாமே என்பார்கள். காற்று தாழ்வான வளைவுகளில் நீரின் மேலாகவே ஓடிப்போய்விடும்.

இதற்குப் பிறகு குடிநீர் இருபது லிட்டர்க் கேனில்தான். கழிப்பறையிலும் ஆன்டிஃப்ரீஸ் ஓடியாகிவிட்டதால் கரையில் உள்ளதைத்தான் பயன்படுத்த வேண்டும். நீரால் குளிரும் ஃபிரிட்ஜ் தரையில் ஓடாது. காற்றால் குளிரும் வகைக்குச் சிக்கல் இல்லை. அறையைச் சூடாக்கும் ஹீட்டர் எரியும் இடத்தில் கார்பன் மோனாக்சைடு அலாரம் கட்டாயம். ஏணியின் தலையைக் கட்ட வேண்டும்.

பாட்டரி

ஈய பாட்டரி 12.7 வோல்ட்டில் நின்றால் −50 டிகிரியிலும் உறையாது. முழுக்க வடிந்தது −10-ஐத் தொடும் முன்பே உறைந்து உடைந்துபோகும். லித்தியம் வகையென்றால் பூஜ்ஜியத்துக்குக் கீழே சார்ஜ் ஏற்றக்கூடாது.

சுக்கான், இன்னும் மீதி

சுக்கானின் அடியில் 5 மி.மீ. துளை போட்டதும் பழுப்பு நீர் சொட்டத் தொடங்கியது. இரண்டு ஃபைபர் தோல்களுக்கு நடுவே நீர் புகுவது பெரும்பாலும் தண்டு நுழையும் மேல்விளிம்பு வழியாகத்தான். அதை அப்படியே விட்டால் உறைந்து தோலைப் பிரித்துவிடும். துளை இப்போதைக்குத் திறந்தே இருக்கட்டும். காய்ந்த பிறகு எபாக்ஸியால் அடைத்து மேல்விளிம்பையும் சீல் செய்ய வேண்டும்.

துத்தநாக ஆனோடுகள் (மற்ற உலோகங்களுக்குப் பதிலாகத் தாமே அரிபடும் கட்டிகள்) பாதிக்கு மேல் கரைந்துவிட்டன. புதியவை உட்காரும் இடத்தைப் பளபளக்கும் உலோகம் தெரியத் தேய்க்க வேண்டும். ஆனோடின் மேல் பெயின்ட் படக்கூடாது. புரொப்பெல்லரைக் கையால் மேலும் கீழும் ஆட்டினால் ஷாஃப்ட் பேரிங்கில் ஆட்டம் தெரிகிறது. அதைக் கழற்ற ஷாஃப்டை உருவ வேண்டும், ஷாஃப்டை உருவச் சுக்கானை இறக்க வேண்டும். ஆகவே சுக்கான் காய்வதற்குள் பேரிங்கை முடித்துவிடுவதுதான் அடுத்த வேலை.