தோலுறைக்குக் கீழே நான்கு திருகுகள்

பழைய ஃபிலிம் கேமராக்களைப் பழுதுபார்க்கக் கற்றுக்கொள்ள வருகிறவர்கள் முதலில் கேட்பது ஷட்டரைப் பற்றித்தான். நானும் அப்படித்தான் தொடங்கினேன். ஆனால் முதல் ஆறு மாதத்தில் நான் பாழாக்கிய கேமராக்களில் ஒன்றுகூட ஷட்டர் வேலையில் பாழாகவில்லை. அதுவரை போகவே இல்லை. உடலில் ஒட்டியிருக்கும் தோலுறை, ஃபிலிமை நகர்த்தும் லீவரின் மேல்மூடி, ஃபிலிமைத் திரும்பச் சுற்றும் ரீவைண்ட் குமிழ் என்று அழகுக்காக வைத்தவை என நான் நினைத்த சின்னச் சின்ன பாகங்களிலேயே எல்லாக் காயமும் பட்டுவிட்டது.

யாஷிகா-மேட் 124ஜி ஒன்று என்னிடம் வந்தது. 1970 முதல் 1986 வரை தயாரான இரட்டை லென்ஸ் கேமரா. ஷட்டர் வேகத்தை மாற்றும் சக்கரம் இறுகிக் கிடந்தது. முன்தகட்டைக் கழற்ற வேண்டும், ஆனால் வெளியே ஒரு திருகுகூடக் கண்ணில் படவில்லை. நான்கு திருகுகளும் மூலைகளில், தோலுறைக்குக் கீழே இருந்தன. அவசரத்தில் பிளேடை நுழைத்து நெம்பினேன். ஒரு மூலை கிழிந்தது. சக்கரம் சரியாகிவிட்டது, கிழிசல் இன்றும் அப்படியே இருக்கிறது.

இப்போது செய்யும் முறை வேறு. ஐசோப்ரொப்பைல் ஆல்கஹாலைச் சிரிஞ்சில் எடுத்து, தோலுறையின் ஓரத்தில் இரண்டு சொட்டு விட்டுச் சில நிமிடம் காத்திருப்பேன். பழைய பசை இளகியதும் நுனி தட்டையாக்கிய மூங்கில் குச்சியை நுழைத்து, தகட்டோடு ஒட்டினாற்போல் நகர்த்துவேன். தூக்கக் கூடாது, தள்ள வேண்டும். பிடிவாதம் பிடித்தால் இன்னும் இரண்டு சொட்டு. ஒரு மூலைக்குக் கால் மணி நேரம் ஆனாலும் ஆகட்டும். இழுத்துப் பிய்த்தால் தோலுறை நீண்டுவிடும். திரும்ப ஒட்டும்போது அளவு பொருந்தாது. அசிட்டோன் பக்கமே போகாதீர்கள். பிளாஸ்டிக் ஜன்னல்களை உருக்கிவிடும், எழுத்துகளில் நிரப்பிய வண்ணத்தையும் கரைத்துவிடும்.

எல்லாத் தோலுறையும் உரிந்து வராது. 1954-இல் வந்த லைக்கா எம்3 போன்றவற்றில் இருப்பது வல்கனைட் எனும் கெட்டியாக்கிய ரப்பர். வயதானால் மொறுமொறுவென்று துண்டுதுண்டாக உதிரும். அதை முழுசாக எடுக்கலாம் என்று கனவு காணாமல், புதிய உறையைக் கையில் வைத்துக்கொண்டு தொடங்குங்கள். பழைய ஸைஸ் ஐகான் கேமராக்களில் தோலுக்கடியில் கொப்புளம் போலப் புடைத்திருந்தால், உள்ளே ரிவிட்டில் பச்சைக் களிம்பு ஏறியிருக்கிறது என்று பொருள். மேலே அழுத்தித் தட்டையாக்கப் பார்க்க வேண்டாம். உறையைக் கிளப்பிக் களிம்பைச் சுரண்டினால்தான் புடைப்பு போகும்.

அடுத்தது மேல்தகடு. ரீவைண்ட் குமிழைக் கழற்ற முடியாமல் குறடு போட்டுப் பிடித்தவர்களைப் பார்த்திருக்கிறேன். குமிழின் ஓரமெல்லாம் பல் பதிந்துவிடும். பின்கதவைத் திறந்து, ஃபிலிம் ரோலுக்குள் நுழையும் கவட்டையில் ஒரு மரக்குச்சியைக் குறுக்கே வைத்து அசையாமல் பிடித்துக்கொண்டு, மேலே குமிழை இடப்பக்கம் சுற்றினால் பெரும்பாலான கேமராக்களில் கழன்று வந்துவிடும். லீவர் மூடியில் இரண்டு குழி இருந்தால், அவற்றில் பொருந்தும் இரட்டை முனை ஸ்பானர் போதும். குழியே இல்லாமல் வழவழவென்று இருந்தால், பாட்டில் கார்க்கின் அடியில் பழைய சைக்கிள் டியூப் துண்டை ஒட்டி, அழுத்திச் சுற்றுங்கள். நான் வாங்கிய எந்தக் கருவியையும்விட இந்தக் கார்க் அதிகம் உழைத்திருக்கிறது.

அசையவில்லை என்றால் பலத்தைக் கூட்டாதீர்கள், திசையைச் சந்தேகியுங்கள். சிலவற்றில் மரை தலைகீழாக இருக்கும். ஜப்பான் கேமராக்களில் திருகுத் தலையில் மூன்று இணைகோடுகள் தெரிந்தால் அது வலப்பக்கம் சுற்றிக் கழற்ற வேண்டிய திருகு. கூட்டல் குறித் திருகுகளுக்கும் ஜே.ஐ.எஸ் (ஜப்பானியத் தொழில் தரநிலை) முனையுள்ள திருப்புளி வேண்டும். சாதாரண பிலிப்ஸ் முனை வழுக்கித் தலையைத் தின்றுவிடும். வழுக்கிய முனை பக்கத்துக் குரோம் தகட்டில் இழுக்கும் கோடு எந்தப் பாலிஷுக்கும் போகாது. அதனால் திருகைச் சுற்றி மாஸ்கிங் டேப் ஒட்டாமல் நான் திருப்புளியைத் தொடுவதே இல்லை.

கழற்றிய வாஷர்களை எந்தப் பக்கம் மேலே இருந்ததோ அப்படியே, கழற்றிய வரிசையில் இரட்டைப் பக்க டேப்பில் ஒட்டி வையுங்கள். ஒவ்வொரு படிக்கும் ஒரு படம் எடுங்கள். வரிசை தவறினால் லீவர் இறுகும். காரணம் தேடி மறுபடி எல்லாவற்றையும் கழற்ற வேண்டியிருக்கும்.

திரும்ப ஒட்டும்போது பழைய பசையை முழுக்கத் துடைத்துவிட்டு, ரப்பர் வகைப் பசையை இரண்டு பக்கமும் மெல்லிசாகத் தடவி, தொட்டால் ஒட்டாத பதத்துக்குக் காய்ந்த பிறகு பதியுங்கள். சூப்பர் குளூ வேண்டவே வேண்டாம். அதன் ஆவி லென்ஸில் வெண்படலமாகப் படியும். அதோடு, அடுத்த முறை அந்தக் கேமராவைத் திறக்கப்போகிறவருக்கு அந்த நான்கு திருகுகளும் எட்டாமலே போய்விடும்.