வீட்டிற்கே வந்து மதிப்பிடக் கோரும் மனு

பக்கவாதத்தால் படுக்கையிலிருக்கும் எங்கள் பெரியப்பாவை விக்கிரமசிங்கபுரத்திலிருந்து மருத்துவ முகாமுக்குத் தூக்கிச் செல்ல இயலாது என்பதால், மருத்துவர் ஒருவர் வீட்டிற்கே வந்து பாதிப்பின் அளவை மதிப்பிட்டுச் சான்றளிக்க ஏற்பாடு செய்யுமாறு மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலருக்கு மனு எழுதினேன். 'நடக்க முடியாது' என்று மட்டும் எழுதினால் சக்கர நாற்காலியில் அழைத்து வரச் சொல்லிவிடுவார்கள். ஆகவே உட்கார வைத்தால் தலை நிற்பதில்லை, சிறுநீர்க்குழாய் பொருத்தியிருக்கிறது, முதுகில் படுக்கைப்புண் இன்னும் ஆறவில்லை என்பவற்றையெல்லாம், சிகிச்சையளிக்கும் மருத்துவரின் கடிதத்தை இணைத்து விளக்கினேன். 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 21 வகைக் குறைபாடுகளை ஏற்கிறது. ஆனால் பல சலுகைகளுக்குக் குறைந்தது 40 விழுக்காடு பாதிப்பு சான்றளிக்கப்பட்டிருக்க வேண்டும். பெரியம்மாவோ, "ஆளைப் பார்த்தாலே தெரியாதா?" என்கிறார், பார்க்கத்தானே கூப்பிடுகிறோம். திங்கட்கிழமை கொக்கிரகுளம் ஆட்சியர் அலுவலகத்தில் நடக்கும் குறைதீர்க்கும் நாளில் மனுவைக் கொடுத்து, ஒப்புகைச் சீட்டையும் கேட்டு வாங்கிக்கொண்டேன்.