அன்று எழுதாத படிவம்

2009-இல் ஒரு சனிக்கிழமை மாலை. வட டெக்சாஸில் ஒரு துப்பாக்கிக் கடையில் பதிவேடு எழுதும் வேலையில் இருந்தேன். இருபத்தொரு வயதிருக்கும் ஒரு பையன், ஏகே ரக ரைபிள்கள் நான்கை ஒரே தடவையில் கேட்டான். நான்கும் ஒரே மாடல். பணம் முழுவதும் ரொக்கம். துப்பாக்கி வாங்குபவர் நிரப்ப வேண்டிய 4473 படிவத்தைப் பிழையில்லாமல் நிரப்பினான். எஃப்பிஐ சரிபார்ப்பும் சில நிமிடங்களில் முடிந்துவிட்டது.

"இதற்கு அறிக்கை அனுப்ப வேண்டாமா?" என்று முதலாளியிடம் கேட்டேன். "கைத்துப்பாக்கிக்குத்தான் அது" என்றார். அவர் சொன்னது சரி. உரிமம் பெற்ற கடைக்காரர் ஒரே ஆளுக்கு ஐந்து வேலை நாட்களுக்குள் இரண்டு கைத்துப்பாக்கி விற்றாலே, அன்று கடை மூடுவதற்குள் ஏடிஎஃப்-க்கு, அதாவது துப்பாக்கி விற்பனையைக் கண்காணிக்கும் மத்திய அரசு அமைப்புக்கு, தெரிவிக்க வேண்டும் என்ற விதி 1975-லிருந்தே இருக்கிறது. ரைபிள் நாற்பது விற்றாலும் அப்போது ஒரு வரிகூட எழுத வேண்டியதில்லை. நான்கு வரிசை எண்களையும் பதிவேட்டில் ஏற்றிவிட்டு வீட்டுக்குப் போனேன்.

ஏழு மாதம் கழித்து மார்ட்டின்ஸ்பர்க்கில் இருக்கும் ஏடிஎஃப்-இன் தேசியத் தடமறியும் மையத்திலிருந்து தொலைபேசி வந்தது. குற்ற விசாரணையில் சிக்கிய துப்பாக்கியை யார் வாங்கினார் என்று தேடும் இடம் அது. ஒரு வரிசை எண்ணைச் சொன்னார்கள். இருபத்து நான்கு மணி நேரத்துக்குள் பதில் தர வேண்டும் என்பது சட்டம். பதிவேட்டைப் புரட்டினேன். என் கையெழுத்து. அந்த நான்கில் இரண்டாவது. எங்கே கிடைத்தது, யாருக்கு என்ன ஆயிற்று என்று அவர்கள் சொல்வதில்லை. மற்ற மூன்று எண்களையும் பார்த்தபடி வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன்.

2011 ஆகஸ்டில் விதி மாறியது. மெக்சிகோ கும்பல்களுக்குப் போகும் ரைபிள்களைக் கருதி, டெக்சாஸ், அரிசோனா, நியூ மெக்சிகோ, கலிஃபோர்னியா ஆகிய நான்கு எல்லை மாநிலங்களிலும் ஒரே ஆளுக்கு ஐந்து வேலை நாட்களுக்குள் ரைபிள் இரண்டு அல்லது அதற்கு மேல் விற்றால் அறிக்கை அனுப்ப வேண்டும் என்றார்கள். அதுவும் எல்லா ரைபிளுக்கும் இல்லை: .22-க்கு மேற்பட்ட குண்டளவு, அரைத் தானியங்கி, கழற்றி மாட்டும் மேகசின் (குண்டுக்கூடு). கடைக்காரர்கள் தரப்பு வழக்குப் போட்டது. 2013-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் விதி செல்லும் என்றது.

அப்புறம் கல்லாவில் ஒரே விளக்கத்தைப் பலமுறை சொல்ல வேண்டியிருந்தது. கிறிஸ்துமஸுக்கு இரண்டு மகன்களுக்கும் ரைபிள் வாங்க வந்த பெரியவர் ஒருவர், "என்னைச் சந்தேகப்படுகிறாயா?" என்று மிகவும் வருத்தப்பட்டார். "இல்லை ஐயா, விற்பனை நிற்காது, இன்றைக்கே எடுத்துப் போகலாம்" என்றேன். பெயர்ப் பட்டியல் சேர்க்கிறார்கள் என்ற அவர் பயத்தை நான் தள்ளிவிடவில்லை. தடமறிதலில் சிக்காத துப்பாக்கியின் அறிக்கையை இரண்டு வருடத்தில் அழிக்க வேண்டும் என்பது ஏடிஎஃப்-இன் சொந்த விதி. அதை எப்போதும் சரியாகப் பின்பற்றவில்லை என்று 2016-இல் அரசுத் தணிக்கையே சொன்னது. அழிப்பதை ஒழுங்காக அழிக்கட்டும். அதற்காக எழுதுவதையே விட்டுவிடச் சொன்னால் என்னால் ஏற்க முடியாது.

என் வருத்தம் வேறு. எங்கள் கடையிலிருந்து வடக்கே போனால் ரெட் ரிவர். பாலத்தைத் தாண்டினால் ஓக்லஹோமா. கைத்துப்பாக்கியை வெளிமாநிலக் கடையில் நேரடியாக வாங்க முடியாது. ரைபிளை வாங்கலாம். அன்று வந்த பையன் இன்று வந்தால், எங்கள் கடையில் நான் மாலைக்குள் அறிக்கை அனுப்பிவிடுவேன். ஆற்றைத் தாண்டி அதே நான்கை வாங்கினால் அங்கே யாரும் எழுத வேண்டியதில்லை.