ஆனந்தின் 15...பிஷப் சி5: என்ஜின் இல்லாமல் பலகையில் வைத்துப் பார்த்தது

கொஞ்ச நாளாக ஒரே செஸ் ஆட்டத்தைத்தான் பலகையில் வைத்துப் பார்க்கிறேன். 2013 ஜனவரி, நெதர்லாந்தின் வெய்க் ஆன் ஸே. வெள்ளையில் ஆரோனியன், கருப்பில் அப்போதைய உலக சாம்பியன் ஆனந்த். ஓப்பனிங் (ஆட்டத்தின் தொடக்க வரிசை) செமி-ஸ்லாவில் மெரான் என்ற கிளை. 23 நகர்த்தலில் கருப்பு ஜெயித்த ஆட்டம். என்ஜினை, அதாவது நகர்த்தல்களைக் கணக்கிட்டுச் சொல்லும் கணினி நிரலை, திறக்கவே இல்லை. ஒவ்வொரு நிலையிலும் வெள்ளை எதை வெட்டலாம், எதை வெட்ட முடியாது என்று கையால் நகர்த்திப் பார்ப்பதுதான் பயிற்சி.

முதல் 11 நகர்த்தலை வேகமாக ஓட்டிவிடலாம். 12-இல் வெள்ளைக் குதிரை ஜி5 (எழுத்து பலகையின் நெடுவரிசை, எண் குறுக்கு வரிசை) வருகிறது, ஆனந்த் சி5 தள்ளுகிறார். குதிரை ஹெச்7 சிப்பாயை வெட்டி, எஃப்8 யானையையும் தாக்குகிறது. யானையை அப்படியே விட்டுவிட்டு கருப்புக் குதிரை ஜி4 போகிறது! 15-இல் கருப்பு பிஷப் சி5. டி4 சிப்பாய் அதை வெட்டினால், டி7 குதிரை சி5-இல் திருப்பி வெட்டி டி3 பிஷப்பைத் தாக்கும்; டி4-இல் ராணி செக்கும் இருக்கிறது. ஆரோனியன் வெட்டாமல் பிஷப்பை இ2க்கு இழுத்தார்.

நான் அதிக நேரம் உட்கார்ந்தது 16-வது நகர்த்தலில்: டி7 குதிரை இ5. பார்த்தால் இரண்டு சிப்பாய்களுக்கு நடுவில் போய் நிற்கிறது. ஆனால் டி4 சிப்பாய் அதைத் தொட முடியாது, பின்னால் சி5 பிஷப் ராஜாவைப் பார்க்கிறது. எஃப்4 சிப்பாய் வெட்டினால் ராணி டி4 செக், ராஜா ஹெச்1, ராணி ஜி1 செக். யானை வெட்டியே ஆக வேண்டும். குதிரை எஃப்2, மேட். தன் காய்களுக்குள்ளேயே ராஜா அடைபட்டுக் கிடக்கிறது. இந்த வரிசையைப் பலகையில் திரும்பத் திரும்ப வைத்தும் அலுக்கவில்லை.

கடைசி நிலையும் இதே ஜாதி. கருப்பு ராணி ஹெச்5-இல், பிஷப் இ3-இல். ஹெச்3 சிப்பாய் ஜி4 குதிரையை வெட்ட முடியாது, ராணி தடுக்கிறது. ஜி2 சிப்பாயை பி7 பிஷப் கட்டிப்போட்டிருக்கிறது. டி3-இல் இருக்கும் வெள்ளை ராணிக்கு ஹெச்3 போகும் வழியை இ3 பிஷப் அடைத்துவிட்டது. ராணி இ3-ஐ வெட்டினால் குதிரை அதை வெட்டும். சி1 பிஷப் வெட்டினால் ராணி ஹெச்3 செக், ராஜா ஜி1, ராணி ஜி2 மேட். இந்த ஆட்டத்தை எல்லோரும் காய் பலிகளுக்காகப் புகழ்கிறார்கள். அசைய முடியாமல் நிற்கும் அந்தச் சிப்பாய்கள்தான் பலிகளைச் சாத்தியமாக்கின என்பது என் கருத்து.

அடுத்து 1907 ரோட்லெவி–ரூபின்ஸ்டைன், லோட்ஸ் நகரில் ஆடியது. அதிலும் கருப்பின் இரண்டு பிஷப்புகளும் வெள்ளை ராஜாவை நோக்கித்தான். காய்களை அடுக்கியாயிற்று, இந்த முறை ஒவ்வொரு சிப்பாயும் எப்போது கட்டுப்படுகிறது என்று குறித்துக்கொண்டே போகப்போகிறேன்.