2015 டிசம்பர் 1 பெருமழை: ஒரு ஆய்வேட்டின் தரவைப் பிறருக்குப் பயன்படும்படி தொகுத்த அனுபவம்

முதுகலை வானிலையியல் படிப்பின் இறுதிப் பருவத்தில், 2015 டிசம்பர் 1 அன்று சென்னையிலும் அதன் தென்மேற்குப் புறநகர்ப் பகுதிகளிலும் கொட்டிய மழையை என் ஆய்வேட்டுக்கு எடுத்துக்கொண்டேன். வாய்மொழித் தேர்வுக்கு வந்திருந்த வெளித் தேர்வாளர் முதல் வரைபடத்தைப் பார்த்ததுமே, "தாம்பரம் 49 சென்டிமீட்டர் என்று டிசம்பர் 2க்கு நேராகக் குறித்திருக்கிறீர்கள், மழை பெய்தது 1ஆம் தேதி அல்லவா?" என்று கேட்டார். அதற்கு விடை எனக்குத் தெரிந்திருந்தது. இந்திய வானிலைத் துறையின் மழை நாள் காலை 8.30க்கு முடிகிறது, அதற்கு முந்தைய 24 மணி நேரத்தில் பெய்தது முழுவதும் அளவெடுத்த தேதியில்தான் பதிவாகும். ஆனால் அடுத்து அவர், "அப்படியானால் பக்கத்தில் இருக்கும், செயற்கைக்கோள் வழி மதிப்பிட்ட மழை எந்த நேரத்திலிருந்து எந்த நேரம் வரை?" என்று கேட்டபோது என்னால் பதில் சொல்ல முடியவில்லை.

அந்தச் செயற்கைக்கோள் மழை, உலகப் பொது நேரப்படி நள்ளிரவு தொடங்கி அடுத்த நள்ளிரவு வரை, அதாவது இந்திய நேரம் காலை 5.30 முதல் மறுநாள் காலை 5.30 வரை கூட்டப்பட்டது. மூன்று மணி நேரம் தள்ளி நிற்கும் இரண்டு நாட்களை ஒரே நாளாக எண்ணி ஒப்பிட்டு, அந்த வேறுபாட்டுக்கு இரண்டு பக்கம் விளக்கமும் எழுதியிருந்தேன். பிறர் தொகுத்து வைத்திருந்த ஒரு கோப்புறையிலிருந்து அந்தத் தரவைப் பெற்றேன். அதில் எண்கள் இருந்தன, அவற்றை விளக்கும் ஒரு வரி கூட இல்லை. திருத்திய ஆய்வேட்டைக் கொடுத்த பிறகு, எனக்குப் பின் வருபவர் இதே இடத்தில் இடறக் கூடாது என்று எண்ணி, முழுத் தரவையும் குறிப்புகளோடு மறுபடி தொகுத்தேன். இது போன்ற கடும் வானிலை நிகழ்வு ஒன்றைத் தொகுக்க நினைப்பவர்களுக்காக அந்த அனுபவத்தை எழுதுகிறேன்.

நேரமே முதல் வேலை. ஐமெர்க் எனப்படும் செயற்கைக்கோள் மழைத் தரவு அரை மணிக்கு ஒன்றாக வருகிறது. ஒவ்வொரு கோப்பும் அரை மணியின் தொடக்க நேரத்தைத் தாங்கியிருக்கும். எனவே மழைமானியோடு ஒப்பிட வேண்டுமானால், உலக நேரம் டிசம்பர் 1 மூன்று மணிக்கு, அதாவது இந்திய நேரம் காலை 8.30க்குத் தொடங்கும் 48 கோப்புகளைக் கூட்ட வேண்டும். அதன் அலகு மணிக்கு இத்தனை மில்லிமீட்டர் என்பதால் ஒவ்வொன்றையும் பாதியாக்கிக் கூட்டாவிட்டால் மழை இரட்டிப்பாகிவிடும். பழைய அவதானிப்புகளைக் கணினி மாதிரியோடு இணைத்துக் கடந்தகால வளிமண்டலத்தை மீட்டுக் கணக்கிடுவது மீள்பகுப்பாய்வு; ஐரோப்பிய வானிலை முன்னறிவிப்பு மையத்தின் ஈஆர்ஏ5 என்ற மீள்பகுப்பாய்விலோ மழை மீட்டரில் இருக்கிறது. நேரக்குறி மணியின் முடிவைச் சுட்டுகிறது. அங்கே நான்கு மணிக் கோப்பு முதல் மறுநாள் மூன்று மணிக் கோப்பு வரை எடுக்க வேண்டும். இவையெல்லாம் ஆவணங்களில் இருப்பவைதான். ஆயினும் தொகுப்பின் முதல் பக்கத்திலேயே எழுதி வைக்காவிட்டால், தேர்வுக்கு ஒரு வாரம் இருக்கும்போது யாரும் தேடிப் படிப்பதில்லை.

தரவில் விடுபட்ட இடத்தைச் சுழியம் என்று நிரப்புவது இதைவிடக் கேடு விளைவிக்கும். மின்சாரமும் தொலைத்தொடர்பும் தடைபடும் நாளில் தானியங்கி நிலையம் ஒன்று மௌனமானால், அது மழை இல்லாததன் அடையாளம் ஆகாது; பல நேரங்களில் மழை மிகக் கடுமையாக இருந்ததன் அடையாளம் அது.

ரேடாரைப் பொறுத்தவரை, படங்களை மட்டும் சேமித்து வைத்தால் பாதிப் பயன் போய்விடும். நிறப்பட்டையிலிருந்து எண்ணைத் துல்லியமாகத் திரும்பப் பெற முடியாது. ஒவ்வொரு சாய்வுக் கோணத்திலும் எடுத்த மூல அளவீடு வேண்டும். ரேடாருக்குத் திரும்பி வரும் எதிரொளிப்பின் வலிமையை டிபிஇசட் என்ற அலகில் அளக்கிறார்கள்; அதை மழை அளவாக மாற்றச் சமன்பாடுகள் பல உண்டு. 45 டிபிஇசட் எதிரொளிப்பை அவற்றில் ஒன்றான மார்ஷல்–பால்மர் சமன்பாட்டில் இட்டால் மணிக்கு ஏறத்தாழ 24 மில்லிமீட்டர் வருகிறது. வெப்பமண்டல மழைக்குரிய சமன்பாட்டில் அதே எதிரொளிப்புக்கு மழை மணிக்கு 56 மில்லிமீட்டருக்கு மேல் போகிறது. எந்தச் சமன்பாட்டைக் கையாண்டோம் என்று சொல்லாமல் மழை அளவை மட்டும் பகிர்ந்தால், பெறுபவர் எதை நம்பி ஆய்வைத் தொடங்குவார்?

நிலைய அளவுகளைக் கைவிடக் கூடாது என்பதற்கும் இந்த நிகழ்வே சான்று. டிசம்பர் 2 காலை வரையிலான 24 மணி நேரத்தில் தாம்பரத்தில் 49, செம்பரம்பாக்கத்தில் 47 சென்டிமீட்டர் பதிவானபோது, நுங்கம்பாக்கத்தில் 29 சென்டிமீட்டர்தான். தாம்பரத்துக்கும் நுங்கம்பாக்கத்துக்கும் நேர்க்கோட்டில் ஏறக்குறைய 20 கிலோமீட்டர்தான் தொலைவு; ஏறத்தாழ 31 கிலோமீட்டர் கட்டங்களில் வளிமண்டலத்தைக் கணக்கிடும் ஈஆர்ஏ5 இந்த வேறுபாட்டைக் காண வழியே இல்லை.

ஆய்வுக்கான தொகுப்பும் பயிற்சிக்கான தொகுப்பும் ஒன்றல்ல என்பதை மிகவும் தாமதமாகவே உணர்ந்தேன். முன்னறிவிப்புப் பயிற்சியில் அமர்பவர் முடிவு தெரியாத நிலையில் இருக்க வேண்டும். அமெரிக்கத் தேசிய வானிலைச் சேவை பழைய கடும்புயல் நாட்களின் தரவை நிகழ்நேரம் போலவே ஓடவிட்டுத் தன் முன்னறிவிப்பாளர்களைப் பழக்குகிறது. அந்த முறையை ஒட்டி என் தொகுப்பை இரண்டாகப் பிரித்தேன். அன்றைய முன்னறிவிப்பாளரின் கையில் இருந்தவை ஒரு கோப்புறையில், பின்னர் தெரியவந்தவை மற்றொன்றில். மீள்பகுப்பாய்வு இரண்டாவதில்தான் சேரும், ஏனெனில் ஒரு மணிக்கான அதன் நிலையில் அந்த மணிக்குப் பிந்தைய அவதானிப்புகளும் கலந்திருக்கக்கூடும். முன்கணிப்பு மாதிரிகளிலும் கணக்கீடு தொடங்கிய நேரம் வேறு, முடிவு கைக்கு வரும் நேரம் வேறு. உலக நேரம் சுழிய மணிக்குத் தொடங்கிய ஓட்டம் சில மணி நேரம் கழித்தே கிடைக்கும் என்பதால், கிடைத்திருக்கக்கூடிய நேரத்தையும் கோப்பின் பெயரோடு சேர்த்தேன்.

உரிமை பற்றியும் கவனம் தேவை. தனிப்பட்ட ஆய்வுக்கென்று ஒப்பம் இட்டுப் பெற்ற தரவைப் பொதுவில் வைக்க நமக்கு உரிமை இல்லை. அவற்றின் இடத்தில், யாரிடம் எப்படி விண்ணப்பிப்பது என்ற குறிப்பையும், பெற்ற பின் படிப்பதற்கான நிரலையும் வைத்தேன். திறந்த தரவுகளை நெட்சிடிஎஃப் என்ற அறிவியல் தரவுக் கோப்பு வடிவில், அலகும் நேரமும் கோப்புக்குள்ளேயே இருக்கும்படி சேமித்தேன்.

இளைய மாணவர்கள் இருவர் சென்ற பருவத்தில் முதல் கோப்புறையை மட்டும் திறந்து எச்சரிக்கை எழுதிப் பார்த்தார்கள். ஒருவர் எச்சரிக்கைப் பகுதியைக் கடற்கரையோடு நிறுத்திக்கொண்டார். மற்றவர் செம்பரம்பாக்கம் வரை நீட்டினார். இருவரும் எழுதிய காரணங்களைப் பெயர் நீக்கித் தொகுப்பில் சேர்த்திருக்கிறேன். இப்போது அதனோடு சேர்க்க, கனமழை எச்சரிக்கை விடுக்கப்பட்டும் மழை பொய்த்த ஒரு வடகிழக்குப் பருவ நாளின் தரவை இதே முறையில் திரட்டி வருகிறேன்.