ஏழு சீட் வண்டியும் எங்கள் வீட்டு ஏற்றமும்

மலையில் குடியிருப்பவர்களைக் கோவைக்கு வரவழைத்து டெஸ்ட் டிரைவ் கொடுப்பது போல ஒரு கண்துடைப்பு கிடையாது. "வண்டி மேலே அனுப்ப முடியாது மேடம், நீங்க கீழே வந்துடுங்க" என்று ஷோரூமில் சொன்னதால்தான் போனோம்.

எங்கள் வீடு நீலகிரியில், குன்னூரை ஒட்டிய அருவங்காடு பக்கம். மாமா, அத்தை, நாங்கள் இரண்டு பேர், பிள்ளைகள் இரண்டு பேர். பழைய சின்ன காரில் இனி அடைத்துக்கொண்டு போக முடியாது என்றுதான் ஏழு சீட் வண்டி பார்க்க ஆரம்பித்தோம். வீட்டில் அதிகம் ஓட்டுவது நான். ஷோரூமில் உட்கார்ந்ததும் என் கணவரைப் பார்த்து "லைசென்ஸ் கொடுங்க சார்" என்றார்கள். ஓட்டப்போவது நான் என்று சொல்லி போனில் டிஜிலாக்கரைத் திறந்து, அரசு ஆவணங்களை வைக்கும் அந்த ஆப்பில் இருந்த என் லைசென்ஸைக் காட்டினேன். "இது செல்லாது, ஒரிஜினல் இல்லைன்னா ஜெராக்ஸ் வேணும்." மோட்டார் வாகன விதியை 2018-லேயே திருத்திவிட்டார்கள், போலீஸ்காரரே இதை ஏற்றுக்கொள்கிறார் என்று சொல்லியும் கவுன்டரில் இருந்தவர் தலையைக்கூட நிமிர்த்தவில்லை. "சார் பேர்லயே போட்டுக்கலாமே" என்று மட்டும் சொன்னார். பிடிவாதமாகப் போய் பிரிண்ட் எடுத்து வந்தேன். நீங்கள் போனால் கையோடு இரண்டு ஜெராக்ஸ் கொண்டுபோய்விடுங்கள், வாய்ச்சண்டை மிச்சம்.

அப்புறம் ஓட்டக் கொடுத்தது அவிநாசி ரோட்டில். நேரே போ, யூ டர்ன் அடி, திரும்பி வா. வண்டி வழுக்கிக்கொண்டு போனது. போகாமல் என்ன? கோவை கடல் மட்டத்திலிருந்து 400 மீட்டர் சொச்சம், ஊட்டி 2,240 மீட்டர். டர்போ, அதாவது காற்றை அழுத்தி உள்ளே தள்ளும் கருவி, இல்லாத எஞ்சினுக்கு ஆயிரம் மீட்டர் ஏறினால் ஏறத்தாழ 10 சதவீதம் சக்தி குறையும். மேலே காற்று அடர்த்தி குறைவு, அவ்வளவுதான் காரணம். கீழே காட்டியது டர்போ இல்லாத பெட்ரோல், ஏ.எம்.டி. கியர் (கிளட்ச் பெடல் இல்லாமல் தானாக மாறும் கியர்). இதை வைத்து நான் எதைத் தீர்மானிப்பது?

எங்கள் வீட்டு ஏற்றத்தில் ஏற்றிக் காட்டினால்தான் புக்கிங் என்று சொல்லிவிட்டேன். உடனே பேரம் தொடங்கியது. அட்வான்ஸ் கட்டினால் டெமோ வண்டியை மேலே அனுப்புவார்களாம். வண்டி பிடிக்கவில்லை என்றால் முழுப் பணமும் திரும்பி வரும் என்று வாட்ஸ்அப்பில் எழுதி அனுப்புங்கள் என்றேன். கொஞ்ச நேரம் பதிலே இல்லை. பிறகு, அட்வான்ஸ் தேவையில்லை, சனிக்கிழமை வண்டி வரும் என்று வந்தது. வாயால் சொல்வதை எழுதிக் கேட்டாலே பாதி நிபந்தனை காணாமல் போய்விடுகிறது.

சனிக்கிழமை, அதுவும் மே மாதம். 2024 மே 7 முதல் நீலகிரிக்கு வர இ-பாஸ் என்ற ஆன்லைன் அனுமதி வேண்டும், நீலகிரிப் பதிவான டி.என்.43 வண்டிக்கு வேண்டாம். அதற்கு மேல் கோடை சீசனுக்கு வார நாளில் 6,000, சனி ஞாயிறில் 8,000 வண்டி என்று 2025-ல் உயர் நீதிமன்றம் வரம்பும் வைத்தது. டெமோ வண்டி கோவை நம்பர். பாஸ் எடுக்காமல் கிளம்பி வந்து, மலையடிவாரத்தில் கல்லாறு சோதனைச் சாவடியில் மாட்டிக்கொண்டார் வண்டியைக் கொண்டுவந்த ஷோரூம் தம்பி. எடுக்கலாம் என்றால் ஓ.டி.பி. மேனேஜர் போனுக்குப் போகிறது, மேனேஜர் போனை எடுக்கவில்லை. காலையில் வரவேண்டிய வண்டி மத்தியானச் சாப்பாடு முடிந்துதான் வந்தது. அத்தை அவரை முதலில் உட்கார வைத்து ரசம் சாதம் போட்டார்.

எங்கள் சந்து மெயின் ரோட்டிலிருந்து செங்குத்தாக ஏறும். கான்கிரீட்டில் கோடு போட்டிருந்தாலும் ஓரமெல்லாம் பாசி. ஆறு பேரும் ஏறினோம், தம்பியோடு ஏழு. மாமாவை மூன்றாவது வரிசையில் உட்காரச் சொன்னேன். முழங்கால் நெஞ்சில் முட்ட, "காலைக் கழட்டி டிக்கியில வெச்சுட்டுத்தான் உட்காரணும் போல" என்றார். பாதி ஏற்றத்தில் வேண்டுமென்றே நிறுத்தினேன். "நிறுத்தாதீங்க மேடம்!" என்று தம்பி பதறினார்; அவர் பக்கம் பிரேக்கே இல்லை, ஆனாலும் வலது கால் தரையை அழுத்திக்கொண்டிருந்தது. நிறுத்திப் பார்க்கத்தானே இத்தனை பாடு? எதிரே பால் வண்டி வந்தால் நான் நிற்க வேண்டாமா? ஏறுகிற வண்டிக்குத்தான் முதல் வழி என்பது சட்டம். எங்கள் சந்தில் சட்டத்தைவிடப் பால் வண்டி பெரியது.

"ஹில் ஹோல்ட் இருக்கு, பின்னாடி போகாது" என்றார். இருக்கிறது. பிரேக்கிலிருந்து காலை எடுத்தபின் இரண்டு விநாடி பிடித்து வைக்கும், அவ்வளவுதான். அதற்குள் ஏ.எம்.டி. யோசித்து முடிக்கவில்லை. வண்டி ஓர் அடி பின்னால் நழுவியது, சின்னவள் கத்தினாள். ஆக்சிலரேட்டரை லேசாக அழுத்தியே நிறுத்தி வையுங்கள் என்று தம்பி யோசனை சொன்னார். அப்படிச் செய்யவே கூடாது, கிளட்ச் சூடாகும். சொல்லி வாய் மூடுவதற்குள் கருகல் வாசனை வந்தது. மேலே திரும்புகிற இடத்தில் அடிப்பகுதி சிமென்டில் உரசியது. ஆள் இல்லாமல் ஓட்டிப் பார்த்திருந்தால் இது தெரிந்தே இருக்காது.

இறங்கும்போது தம்பி இன்னொன்று சொன்னார்: நியூட்ரலில் விட்டால் மைலேஜ் கிடைக்குமாம். கேட்கவே கேட்காதீர்கள். கியரில் இருக்கும்போது ஆக்சிலரேட்டரை விட்டால் இப்போதைய எஞ்சின் பெட்ரோலையே நிறுத்திவிடும்; நியூட்ரலில்தான் ஓடிக்கொண்டிருக்க பெட்ரோல் குடிக்கும். பிரேக்கும் சூடேறிப் பிடிக்காமல் போகும். ஊட்டியிலிருந்து மசினகுடிக்கு இறங்கும் கல்லட்டி சாலையில் 36 கொண்டை ஊசி வளைவு, அதில் பிரேக்கை மட்டும் நம்பி இறங்கியவர்களின் கதை இங்கே யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். ஏற எந்த கியரோ, இறங்கவும் அதே கியர். ஆட்டோமேட்டிக் என்றால் மேனுவலில் போட்டு இறங்கிப் பாருங்கள், தானாக மேல் கியருக்குத் தாவுகிறதா என்று.

இன்னொரு நாள், வார நாளில், பாஸோடு டர்போ டீசல் மேனுவல் வந்தது. அதே ஆட்கள், அதே இடத்தில் நிறுத்தம். நழுவாமல் ஏறியது. உரசவும் இல்லை. மாமா நடு வரிசைக்கு மாறிவிட்டார், பின்னால் பிள்ளைகள். தம்பி இறங்கிப் பார்த்துவிட்டு, "நான் ஒரு தடவை ஏத்திப் பார்க்கட்டுமா மேடம்?" என்று கேட்டார். சாவியைக் கொடுத்தேன். முதல் தடவை எஞ்சினை அணைத்துவிட்டார்.

புக்கிங் படிவத்தில் கடைசியாக ஒரு வேலை செய்தார்கள். எங்கள் முகவரி நீலகிரி என்று தெரிந்தும் பதிவு அலுவலகம் என்ற கட்டத்தில் கோவை என்று நிரப்பி வைத்திருந்தார்கள். அவர்களுக்கு அது பக்கமாம். கோவை நம்பர் வாங்கினால் சொந்த வீட்டுக்கு வர நான் இ-பாஸ் எடுக்க வேண்டும், வெளி மாவட்ட வண்டி என்று கல்லட்டியில் இறங்கவும் விடமாட்டார்கள். அடித்துவிட்டு ஊட்டி என்று எழுதச் சொல்லி, பக்கத்தில் அவர்கள் கையெழுத்தையும் வாங்கிக்கொண்டுதான் பணம் கட்டினேன்.