கூடாரத்துக்குள் கரி அடுப்பு வேண்டவே வேண்டாம்

கொடைக்கானல், மூணாறு, வால்பாறை என்று கூடாரம் போட்டுத் தங்கக் கிளம்புகிற எல்லோருக்கும் இதைச் சொல்லியே ஆக வேண்டும்.

குளிருக்கு இதமாக இருக்கும் என்று கரி அடுப்பைக் கூடாரத்துக்குள் தூக்கி வைக்காதீர்கள். வெறும் தணல்தானே, புகையே இல்லையே என்று தோன்றும். ஆனால் கரி கனலும்போது கார்பன் மோனாக்சைடு என்ற நச்சு வாயு வருகிறது. அதற்கு நிறமும் கிடையாது, வாசனையும் கிடையாது. தூங்குகிறவர் விழிக்காமலேயே உயிர் போய்விடும். ஜிப்பைக் கொஞ்சம் திறந்து வைத்தால் போதும் என்று சிலர் சொல்வதை நான் ஏற்கவே மாட்டேன். கூடுதலாக ஒரு கம்பளி எடுத்துப் போங்கள்.

வேனுக்குள்ளேயே சமைத்துக்கொண்டு போகிறவர்கள் மதுரையை நினைத்துப் பாருங்கள். 2023 ஆகஸ்ட் 26 அதிகாலை, ரயில் நிலையம் அருகே நிறுத்தியிருந்த சுற்றுலா ரயில் பெட்டியில் தீப்பிடித்து 9 பேர் இறந்தார்கள். லக்னோவிலிருந்து வந்த யாத்திரிகர்களின் பெட்டி அது. விதியை மீறி உள்ளே சிலிண்டர் வைத்திருந்தார்கள். சமையல் எரிவாயு காற்றைவிடக் கனமானது. கசிந்தால் மேலே போகாமல் தரையோடு தேங்கி நிற்கும்; ஜன்னல் திறந்திருக்கிறதே என்று நம்பி இருக்க முடியாது. அடுப்பை வண்டிக்கு வெளியே, தள்ளி வையுங்கள்.

அப்புறம் கேம்ப்ஃபயர். அனுமதி உள்ள இடத்தில் மட்டும், கூடாரத்தை விட்டு நன்றாகத் தள்ளி. நைலான் துணியில் ஒரு பொறி பட்டாலே உருகி ஓட்டை விழும். படுக்கும்முன் தண்ணீர் ஊற்றி, சாம்பலைக் கிளறி, மறுபடி ஊற்றுங்கள். மேலே கையைக் காட்டினால் சூடு தெரிகிறதா? இன்னொரு குடம் ஊற்றுங்கள்.